ஞாயிறு ஒன்பது மணிக் கோளாறு

மார்ச் 4

அண்ணி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நினைத்ததைச் சாதித்தவர்களுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது?

போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று யோசிப்பீர்கள். போன வாரம் போனில் பேசித்தான் பார்த்தோமே. யார் முதலில் வைத்தது என்பதிலேயே இன்னும் தகராறு. மெசேஜ் அனுப்பினால் நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவீர்கள். வீட்டு விலாசத்துக்கு எழுதினால் அண்ணன் பிரித்து, அப்பாவுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவான். அதனால்தான் உங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்கு அனுப்புகிறேன். மாணவர்கள் முன்னால் படிக்க வேண்டாம். முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் இங்கே வேலைக்கு வந்து ஆறு வருஷம். அம்மா போய் நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தில் போன மாதம் வரை ஒரு ஞாயிறுகூட அப்பாவின் போன் தப்பியதில்லை. உங்களுக்குக் காலை ஒன்பது மணி, எனக்கு மத்தியானம். "பொடிசு, இது மறுபடியும் சுத்திக்கிட்டே நிக்குதும்மா" என்றுதான் ஆரம்பிப்பார். திரையில் தெரிகிற எண்ணை ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் அதை இங்கே தட்டினால் அவருடைய லேப்டாப் திரை என்னுடையதில் விரியும். அவருடைய அம்பும் என்னுடைய அம்பும் ஒரே திரையில் ஓடும். அவர் குடியிருப்போர் சங்கத்துக்கு அடிக்கிற நோட்டீசில் நான் எழுத்துப் பிழை திருத்துவேன்.

பிப்ரவரியில் மூன்று ஞாயிறு போன் வரவில்லை. நாலாவது ஞாயிறு நானே கூப்பிட்டேன்.

"என்னப்பா, லேப்டாப் எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கற! பறக்குது. உங்க அண்ணி பிரிச்சு மேஞ்சுட்டா. மெமரி புதுசு. உள்ள இருந்த டிஸ்கைத் தூக்கிட்டு ஏதோ எஸ்எஸ்டியாம், அதைப் போட்டா. திறக்க பதினாலு நிமிஷம் எடுத்தது, இப்ப பதினெட்டே செகண்ட்!"

"அப்படியா. வேற என்னப்பா?"

"வேற ஒண்ணுமில்லம்மா. உடம்பைப் பாத்துக்க."

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. என் போன் சொல்கிறது. அந்த எண்ணை வாசியுங்கள், நானும் உள்ளே வந்து பார்க்கிறேன் என்று கேட்டிருந்தேன். "அந்த நம்பர் காட்டற ஜன்னலையே காணோமே" என்றார்.

யார் கேட்டார்கள் உங்களை? நாலு வருஷமாக நான் பார்த்துக்கொண்ட ஒரு பொருள். அதன் பின்மூடியைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? இரண்டு திரையையும் இணைக்கிற அந்த சாஃப்ட்வேரை ஏன் திரும்பப் போடவில்லை? மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அறுபது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவருக்கு அந்த மறதி வராது.

பொடிசு


மார்ச் 15

பொடிசுக்கு,

கடிதம் கிடைத்தது. லேபில்தான் படித்தேன். முகத்தை மானிட்டருக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பதினோரு வருஷத்து மெஷின். உள்ளே இருந்தது நாலு ஜிபி மெமரி. டிஸ்க், உள்ளே தட்டு சுழலுகிற பழைய ரகம். காதை வைத்துக் கேட்டால் மாவரைக்கிற சத்தம். இன்றோ நாளையோ என்று இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஏழு ஸ்க்ரூவை எடுத்து மூடியைத் திறந்தேன். மெமரிக்கு இன்னொரு ஸ்லாட் காலியாகவே கிடந்தது. புதிய எட்டு ஜிபியைச் சாய்வாக நுழைத்து அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடித்துக்கொண்டது. டிஸ்க் இருந்த இடத்தில், உள்ளே எதுவும் சுழலாத எஸ்எஸ்டி. இவ்வளவுதான். லேபில் வருஷத்துக்கு இருபது மெஷினுக்குச் செய்கிற வேலை. இதற்கு உன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய டிஸ்கை அப்படியே புதியதில் இறக்கத்தான் பார்த்தேன். மூன்று தடவையும் முப்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. டிஸ்கில் அங்கங்கே சேதம். அதனால் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, மாமாவின் கோப்புகளை மட்டும் நகலெடுத்தேன். உன் சாஃப்ட்வேர் அந்த வழியில்தான் போனது.

மாமா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். ஸ்க்ரூக்கள் கலந்துவிடாமல் இருக்க அவருடைய மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்ததும் அவர் யோசனைதான். திங்கள், செவ்வாய் என்று அறை அறையாக இருக்குமே, அது. எடுத்த வரிசையில் ஒவ்வொரு அறையிலும் போட்டுக்கொண்டே வந்தார். வியாழக்கிழமை அறையில் மாத்திரை இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு அறையைக் காலி செய்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. திட்டினேன். சிரித்தார். மொத்தம் இரண்டு மணி நேரம். நான் இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியது கிடையாது. "நீ இவ்வளவு கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார். உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த அறையில் நான் இருக்கிறேன். இதே தொழில் எனக்கு. ஒரு வரியை வெட்டி ஒட்டுவது எப்படி என்று கேட்க அவர் இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில் இருப்பவளைக் கூப்பிடுவார். நாலு வருஷமாக ஞாயிறு காலை அதைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தேன். அது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

இப்போது லேப்டாப் வேகத்துக்கு மாமாவும் வேகம். இன்று மட்டும் லிஃப்டில் மூன்று நோட்டீஸ். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி ஒன்று, வண்டி நிறுத்துவது பற்றி ஒன்று, முதல் நோட்டீசை யாரோ கிழித்தது பற்றி ஒன்று.

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

அந்த டார்ச்சைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த வீட்டில் இருபத்துநாலு வருஷம் வளர்ந்தவள் நான். சைக்கிள் பிரேக்கைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், மிக்ஸியைப் பிரித்திருக்கிறேன், ஒரு தடவை ரேடியோவைப் பிரித்துச் சேர்க்கத் தெரியாமல் அழுதிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அப்பா வாசலில் நின்று "கையை வெட்டிக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. உங்களுக்கு டார்ச்! மாத்திரை டப்பா! பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா இருந்தவரை அப்பாவுக்கும் எனக்கும் போனில் நடந்த பேச்சு உங்களுக்குத் தெரியும், பக்கத்திலேயே இருந்திருக்கிறீர்கள். "நல்லா இருக்கியா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." அம்மா போன பிறகு குடுப்பதற்கு ஆள் இல்லை. முதல் இரண்டு மாதம் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் நல்லவேளையாக லேப்டாப் மெதுவாகிப் போனது.

அது திறக்கப் பதினான்கு நிமிடம். அவர் போனைப் போட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்துவார். திரையில் ஒன்றும் இருக்காது, வேறு வழியில்லாமல் என்னோடு பேசுவார். அம்மாவின் கடைசி வாரம் எப்படி இருந்தது என்று அந்தப் பதினான்கு நிமிடத்தில்தான் எனக்குச் சொன்னார். பாதியில் "ஆ, வந்துடுச்சு" என்று நிறுத்திவிட்டார். மீதியை அடுத்த ஞாயிறு சொன்னார். அதை உங்களுடைய பதினெட்டு விநாடியில் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு மெமரியும் எஸ்எஸ்டியும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? இரண்டாவது வருஷமே தெரியும். இங்கிருந்து வாங்கி அனுப்பியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது, போகட்டும்.

இன்னொன்று. திரையின் இடது மூலையில் "கேட்க வேண்டியவை" என்று ஒரு கோப்பு இருந்தது. வாரம் முழுக்க எனக்கான கேள்விகளை அதில் எழுதி வைப்பார். கேட்டு முடித்ததை மட்டும் அழிப்பார், மீதி அடுத்த வாரத்துக்கு நிற்கும். அது எங்கே என்று போன ஞாயிறு கேட்டேன். "எங்கயோ போயிடுச்சு, விடும்மா" என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சங்கத்துப் பழைய நோட்டீஸ் எல்லாம் பத்திரமாக வந்திருக்கிறதே அண்ணி. இது மட்டும் எப்படிப் போனது?

பொடிசு


ஏப்ரல் 8

பொடிசு,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

டிஸ்க் சாகிற நிலையில் இருந்தது என்றேன். உண்மைதான். ஆனால் அது இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான் இருந்தது. பிப்ரவரியில் எனக்கு ஏன் அவ்வளவு அக்கறை வந்தது? ஒரு ஞாயிறு நீ என்னவோ சொல்லி, மாமா சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்த சத்தம் நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடம் வரை கேட்டது. அந்தச் சிரிப்பை அவர் எங்கள் யாரிடமும் சிரித்ததில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

மாமா மாத்திரை டப்பாவைக் கழுவப் போன நேரத்தில் கோப்புகளை நகலெடுத்தேன். அந்தக் கோப்பைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. இருபத்திரண்டு கேள்விகள். எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று ஒன்று. அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள்: "மருமகள் புதனன்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். இருந்தாலும் கேட்க." பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் என்ன செய்வது என்று ஒன்று. "மருமகள் எடுத்துவிட்டாள். இருந்தாலும் கேட்க." எண்ணிப் பார்த்தேன். பதினாறு இடத்தில் "இருந்தாலும் கேட்க."

நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் உன்னிடம் கேட்பதற்கான ஒத்திகை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. எல்லாக் கோப்பையும் நகலெடுத்தேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். உன் சாஃப்ட்வேரையும் திரும்பப் போடவில்லை. தெரிந்தே, என் கையாலேயே.

அதற்கு அப்புறம் ஜெயித்துவிட்டதாகத்தான் இருந்தேன். போன ஞாயிறு காலை எட்டேமுக்காலுக்கு மாமா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். பளிச்சென்று வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். மூடினார். திரும்பவும் திறந்தார். திரும்பவும் பளிச்சென்று வந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"இது மறுபடி எப்பம்மா மக்கர் பண்ணும்?"

"இனிமே அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது மாமா."

முகம் சுண்டிப் போய்விட்டது. "பொடிசைச் சும்மாவே கூப்பிடுங்களேன் மாமா" என்றேன். "என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

எனக்குப் பரிதாபம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் கோபம்தான் வந்தது. நான் அத்தனை பாடுபட்டுச் சரிசெய்தது இந்த மனுஷனுக்குத் தண்டனையாகிப் போனதே என்று. பிறகு அந்தப் பழைய டிஸ்கை எடுத்துக் கேபிளில் மாட்டினேன். கரகரவென்று முனகிவிட்டு அந்தக் கோப்பைக் கொடுத்தது. இடது மூலையிலேயே வைத்துவிட்டேன். உன் சாஃப்ட்வேரையும் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை மாமா பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேப்பர் வந்ததா என்று கேட்டார்.

ஆனால் கேட்பதற்கு அவருக்கு ஒரு கோளாறு வேண்டுமே. நானே ஒரு மெமரியைத் தளர்த்தி விடலாமா என்றுகூட யோசித்தேன். கை வரவில்லை.

கோப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொறாமைக்குக் கேட்கப் போவதில்லை.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணி,

கோப்புக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கொடுத்துவிட்டேன். டார்ச்சுக்கு நீங்கள் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் போவதில்லை.

"இருந்தாலும் கேட்க" என்பதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உங்களுக்கு எரியும். அதனால் சொல்கிறேன். பஸ்ஸில் மட்டும் நாலு தடவை. பக்கத்து சீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு ஒன்பது மணிக்கு நானே அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, என் லேப்டாப் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு. நானே பிரிச்சு மெமரி போடலாம்னு பாக்கறேன். ஆனா பயமா இருக்கு" என்றேன். பொய்தான். கூசாமல் சொன்னேன்.

"பயப்படறதுக்கு என்ன இருக்கு? நான் இருக்கேன்ல."

என் முப்பது வயதில் இதை அவர் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

மாடல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் பாடம் ஆரம்பித்தது, நாற்பது நிமிடம். "மொதல்ல இரும்பைத் தொடு, உடம்புல இருக்கற கரண்ட் எறங்கணும். ஸ்க்ரூவை எடுக்கற வரிசையிலயே வை. மெமரியை நேரா குத்தக் கூடாது." ஒவ்வொரு வார்த்தையும் உங்களுடையது. பின்னாலிருந்து "சாய்வா, மாமா, சாய்வா நுழைக்கணும்" என்று நீங்கள் எடுத்துக் கொடுத்ததும் கேட்டது. "சாய்வா நுழைக்கணுமாம்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் வந்து நிற்கிறீர்களே என்று பல்லைக் கடித்தேன். நீங்கள் எடுத்துக் கொடுக்காவிட்டால் அவருக்குச் சொல்லவும் ஒன்றும் இருந்திருக்காது என்று அப்புறம்தான் உறைத்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு ஸ்க்ரூடிரைவர் வாங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு திறந்தேன். அண்ணி, ஸ்லாட்டே இல்லை. என்னுடையது மெல்லிய ரகம். மெமரியைப் போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள். வாங்கும்போது இருந்ததுதான் கடைசிவரை. சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

"ஸ்லாட் தெரியுதா? நீளமா, ரெண்டு பக்கமும் கிளிப்போட இருக்கும்."

"இங்க என்னென்னவோ இருக்குப்பா. எதுன்னு தெரியல."

"அவசரப்படாத. நிதானமாத் தேடு."

நான் ஸ்க்ரூவை உருட்டிக்கொண்டு தேடுகிற மாதிரி இருந்தேன். அவர் நான் கிளம்பிய நாளைப் பற்றிப் பேச்சை எடுத்தார். விமான நிலையத்துக்குள் அம்மாவும் நீங்களும் அண்ணனும் வந்தீர்கள், அவர் வரவில்லை. "பார்க்கிங் டிக்கெட் எடுக்க நின்னேன்னு சொன்னேன்ல, அது பொய். அங்க வந்தா அழுதுடுவேன்னுதான் வண்டியிலயே உக்காந்துட்டேன்." ஆறு வருஷமாக அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. "ஸ்லாட் கெடச்சுதா?" என்றார். "இல்லப்பா" என்றேன். குரல் உடைந்ததைக் கண்டுபிடித்தாரா தெரியவில்லை. "பரவால்ல, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மாடல் எண்ணைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். எத்தனை ஞாயிறு தேட முடியுமோ அத்தனை ஞாயிறு தேடுகிறேன். உங்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பொடிசு


மே 9

பொடிசு,

ஆமாம், எனக்கு முதல் நாளே தெரியும். எண்ணை எழுதின தாளை மாமா என்னிடம் காட்டியபோதே தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பழக்கம் உனக்கு மட்டும்தான் உண்டா?

நீ உன் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மாமா லேபுக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் நான் வேலை செய்கிற இடத்தை அவர் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு ஒழுங்கா சொல்லிக்குடு, நான் பொடிசுக்குச் சொல்லணும்" என்றார். ஒரு செத்த லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். மெமரியை எட்டுத் தடவை கழற்றி மாட்டினார். அந்தக் கிளிப் டக்கென்று பிடிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். உனக்காகத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும், நீ ஞாபகப்படுத்த வேண்டாம். ஆனால் அவர் போன பிறகு வாசலில் பார்வையாளர் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே, உறவு என்ற இடத்தில் "அப்பா" என்று எழுதியிருந்தார். மாமனார் என்று எழுத இடம் போதவில்லை என்று நீ சொல்வாய். இடம் தாராளமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். உன் அண்ணன் குளியலறையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அவ மெஷின்ல ஸ்லாட்டே கிடையாது. மெமரி போர்டோட ஒட்டியே வருதாம். நான் கடையில போய்க் கேட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்ப மாமா கேட்டீங்க?"

"அவ நம்பர் குடுத்த மறுநாளே."

"அப்புறம் எதுக்கு மாமா லேபுக்கு வந்து எட்டு தடவை..."

"நான் ஒழுங்கா சொல்லிக்குடுத்தாத்தானே அவ ஒழுங்கா தேடுவா." ஒரு சட்டையை எடுத்து அவரே மடித்தார், கோணலாக. "நீ அவகிட்ட சொல்லிடாத. அவளாக் கண்டுபிடிக்கற வரைக்கும் ஞாயித்துக்கிழமை இருக்கு."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். மறுநாளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியும், இது துரோகம்தான். ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் மாமா என்னிடம் மட்டும் சொன்ன ஒரே ரகசியம் இது. உன்னிடம்கூடச் சொல்லாதது. இதை உன்னிடம் பீற்றிக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

எரிகிறதா? எரியட்டும்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு மாமா கூப்பிடுவார். ஸ்லாட் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்.

அண்ணி